பதினான்கு வீடுகளில் எங்கள் சாமான்கள்

மில் வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் அப்பாக்கள் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போன பிள்ளைகள் நாம். இப்போது எல்லோருக்கும் நாற்பது பக்கம் வந்துவிட்டது. சிலர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிறோம். உங்களில் பலர் அந்தக் காலத்தைப் பற்றி எழுதுவதைப் படிக்கிறேன். மஞ்சள் ஸ்கூல் பஸ், முதல் பீட்சா, அபார்ட்மென்ட் நீச்சல் குளம். நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். எனக்கும் அந்த மஞ்சள் பஸ் ஞாபகம் இருக்கிறது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் அப்பாவோடு சண்டை போட்டதும் ஞாபகம் இருக்கிறது. நான் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள். படித்ததும் பள்ளிக்கூடம் வரைதான். ஆனால் ஒரு கோபம் இருபத்தைந்து வருஷமாக ஆறாமல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

1999 கோடை. டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊர். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே ஒரு டெலிபோன் சாதனக் கம்பெனியில் இருந்தார். அவர்தான் அப்பாவுக்கும் வேலை பிடித்துக் கொடுத்தார். ஜூன் மாதம் போய் இறங்கினோம். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே ஏசியும் கார்ப்பெட்டும் சேர்ந்து ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாசனை. எனக்குப் பன்னிரண்டு வயது.

சனிக்கிழமை தோறும் மாமா வீட்டில் கூட்டம். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவார்கள். பெரியவர்கள் சோபாவில், பிள்ளைகள் கார்ப்பெட்டில் காகிதத் தட்டோடு. சாப்பாடு முடிந்ததும் யாராவது அப்பாவைக் கேட்பார்கள். அதற்காகவே அவர் காத்திருப்பார்.

"நாலு வருஷங்க. இந்தோனேசியாவுல ஒரு காட்டுக்குள்ள நாலு வருஷம் இருந்தோம். மில்லோட பம்ப் ஹவுஸ் என் பொறுப்பு. கடைசில என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? கேட்டை ஒடச்சுப் பூந்து, ஒண்ணு விடாம வாரிட்டுப் போயிட்டாங்க. ஊரே சேர்ந்துங்க!"

"ஐயோ, ஹாரிபிள்! குழந்தை வேற இருந்திருக்கா" என்பார் சென்னைப் பக்கத்து ஆண்டி ஒருவர். என்னைப் பார்ப்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தட்டைப் பார்ப்பேன்.

அடுத்த சனிக்கிழமை கதையில் அரிவாள் வந்தது. அதற்கடுத்த வாரம் அவர்கள் எங்களை வெட்டத்தான் வந்தார்கள்.

"மச்சான், போன வாரம் இருபது பேருன்னீங்க, இந்த வாரம் நூறு பேர் ஆயிட்டாங்க. அடுத்த வாரம் டேங்க் வருமா?" என்று மாமா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாவாவில் மலைச் சரிவில் நாற்பது வீடு. கீழே ஆறு. ஆற்றங்கரையில் மில்லுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸ். கடைத்தெருவுக்குப் போக ஜீப்பில் இரண்டு மணி நேரம். போலீஸ் ஸ்டேஷன் அதற்கும் அப்பால். ஆஸ்பத்திரி இன்னும் அப்பால். ஏதாவது நடந்தால் அந்த நாற்பது வீடுதான் ஒன்றுக்கொன்று துணை. அங்கே நாங்கள் மட்டும் தமிழர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். நான்கு வருஷத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே பேசினேன், சண்டை போட்டேன், கனவுகூட அந்தப் பாஷையில் வந்தது. அப்பாவுக்கு வேலையாட்களை அதட்டுகிற அளவுக்கு மட்டும் தெரியும்.

பக்கத்து வீட்டில் இபு இருந்தாள். இபு என்றால் அம்மா. அங்கே வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் எனக்கு இபு என்றால் அவள் ஒருத்திதான். பள்ளி விட்டதும் நேராக அவள் அடுப்படிக்குத்தான் போவேன். தேங்காய் எண்ணெயில் பொரித்த மரவள்ளித் துண்டு, மேலே கொஞ்சம் மிளகாய் விழுது. அவள் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து படியில் உட்கார்ந்து கிராம்பு கலந்த சிகரெட் பிடிப்பார். வீடு முழுக்கக் கிராம்பு வாசனை. அதிகம் பேசமாட்டார். ஊர்க் காவலுக்கு அவர்தான் தலைவர்.

காவல் என்றால் துப்பாக்கி, சீருடை எதுவும் இல்லை. முறை வைத்து இரண்டிரண்டு பேர் ஊரைச் சுற்றி வருவார்கள். அடுப்பு அணைந்திருக்கிறதா, மாடு கட்டியிருக்கிறதா, ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்போம். காவல்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போவார்கள். சேர்ந்த அரிசி, ஊரில் யாருக்காவது இல்லாமல் போகும்போது அந்த வீட்டுக்குப் போகும். அரிசி எடுத்தால் அந்த வீட்டைப் பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

"நாம என்னத்துக்குப் பிச்சை போடறது? எங்கூட்டுக்கு நானே காவல் வெச்சுக்கறேன்" என்றார் அப்பா. மில்லிலிருந்து இரும்பு கேட் வரவழைத்து, வீட்டைச் சுற்றி வேலி போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் போட்டார். அந்த ஊரில் பூட்டு இருந்த ஒரே வீடு எங்களுடையது. "யாரை உள்ளே அடைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று இபு அம்மாவைக் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அம்மா வெட்கத்தோடு சிரித்தாள்.

எங்கள் கேட்டிலும் ஒரு டப்பா தொங்கியது. அதில் தன் அரிசியைப் போட்டு வந்தது இபு. நான்கு வருஷமும். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டாவது வருஷம் ஆறு பெருகியது. ஒரு மத்தியானம், வீட்டுக்கு வீடு தொங்குகிற குடைந்த மரக்கட்டையைத் தட்ட ஆரம்பித்தார்கள். தீக்கு ஒரு தாளம், சாவுக்கு ஒரு தாளம், வெள்ளத்துக்கு ஒரு தாளம். பள்ளிக்கூட வாத்தியார் வீடு பள்ளத்தில் இருந்தது. நானும் அம்மாவும் மேட்டிலிருந்து பார்த்தோம். சோறு வேகிற நேரத்துக்குள் வாத்தியார் வீடு காலி. ஆளுக்கு ஒரு சாமான். அலமாரி ஒரு வீட்டுக்கு, கோழிகள் ஒரு வீட்டுக்கு, புத்தகங்கள் இன்னொரு வீட்டுக்கு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கமாட்டார்கள். ஒரு வீடு போனாலும் மற்றதெல்லாம் மிஞ்சட்டும் என்று பிரித்து வைப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. ஒரு சட்டியின் மூடிகூடக் குறையவில்லை.

அன்று அப்பா பம்ப் ஹவுஸில் இருந்தார். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "அது அவங்காளுங்களுக்குச் செய்வாங்க. நமக்கா செய்வாங்க?" என்றார்.

1998-ல் நாடு முழுக்கக் கலவரம். கடைத்தெருவில் கடைகள் எரிவதாகச் செய்தி வந்தது. வெளியூர் ஆட்கள் லாரிகளில் மலைப் பாதையில் ஏறி வருவதாக, வெளிநாட்டுக் கம்பெனி வீடுகளைத் தேடுவதாகச் சொல்லி, பிற்பகலில் மரக்கட்டைகளைத் தட்டினார்கள். இபு ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் தன் வீட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். அவசரத்தில் அம்மா கேட்டுப் பூட்டை அழுத்திவிட்டாள், சாவி உள்ளேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மில் ஜீப்பில் அப்பா வந்தார். ஏறு ஏறு என்றார். செருப்புகூடப் போடவில்லை. மேல் திருப்பத்தில் ஜீப் திரும்பியபோது கீழே எங்கள் வீடு தெரிந்தது. கேட் திறந்து கிடந்தது. ஆட்கள் வரிசையாக எங்கள் சாமான்களோடு போய்க்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் இபுவின் வீட்டுக்காரர். தலையில் அம்மாவின் தையல் மெஷின்.

"பாத்தியா? பாத்தியா உன் இபு புருஷன?" என்று அப்பா கத்தினார்.

"இல்லப்பா, அவங்க எடுத்து வெக்கறாங்க" என்றேன்.

"வாயை மூடு."

மூடினேன். மில் ஆபீஸ் போனதும் அப்பா புகார் எழுதினார். இபுவின் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் நாங்கள் சொந்த ஊர் திருப்பூருக்கு வந்துவிட்டோம். அடுத்த வருஷம் டெக்சாஸ்.

ஜூலையில் கடிதம் வந்தது. மில் ஆபீஸ், திருப்பூர் என்று சுற்றி, மூன்று கவருக்குள் கவராக மாமா விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. இபுவுக்கு எழுத வராது. வாத்தியார் கையெழுத்து. என் பெயருக்கு வந்திருந்தது. அதைப் படிக்க அந்த அபார்ட்மென்ட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார, நான் நின்றுகொண்டு தமிழில் சொன்னேன்.

"மகளே, உங்கள் சாமான்கள் பதினான்கு வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. லாரிகள் வந்தன. காலி வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தையல் மெஷின் வாத்தியார் வீட்டில். பிரிட்ஜ் கோழிக்காரர் வீட்டில், அவர் வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் பயப்பட வேண்டாம், யாரும் உபயோகிக்கவில்லை. உங்கள் பெரிய கல்லை நான்கு பேர் தூக்கினார்கள். அது உங்கள் சாமியா என்று தெரியவில்லை. அதனால் கால் படாத இடத்தில், சுத்தமான துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்."

அது அம்மாவின் ஆட்டுக்கல். கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்தது. அது இல்லாமல் டெக்சாஸில் மிக்ஸியில் ஐஸ் கட்டி போட்டு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கை கண்ணுக்குப் போனது.

நான் மேலே படித்தேன். "அறுவடைக்குப் பிறகு போலீஸ் வந்தது. வீடு வீடாகப் போய்ச் சாமான்களை எழுதிக்கொண்டார்கள். எங்கே இருந்தாலும் திருட்டுச் சாமான்தான் என்றார்கள். பூட்டை உடைத்தது யார் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர், நான்தான் என்றார். உடைத்தது அவர்தானே? அழைத்துப் போய்விட்டார்கள். இரண்டு நடவு போய்விட்டது. உடையவர் ஒரு காகிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவோம் என்கிறார்கள். உன் அப்பாவிடம் சொல், மகளே."

கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தேன்.

"ஏனுங்க, எழுதிக் குடுத்துருங்க. பாவம், அந்த மனுஷன்" என்றாள் அம்மா.

"பார்க்கலாம்" என்றார் அப்பா.

"அவசரப்படாதீங்க மச்சான்" என்றார் மாமா. "நீங்க ஆல்ரெடி ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்துட்டீங்க. இப்ப மாத்தினா ஃபால்ஸ் கம்ப்ளைன்ட்னு உங்க பேர்ல ரெகார்ட் ஆயிடும். கிரீன் கார்டு அப்ளை பண்ணப் போற டைம்ல போலீஸ் ரெகார்ட்லாம் செக் பண்ணுவாங்க. டச் பண்ணாதீங்க."

"அதானே மாப்ள. நானும் அதைத்தான் யோசிச்சேன்."

"அப்ப அவரு?" என்று நான் கேட்டேன்.

"அவருக்கு அவங்க கவர்மென்ட் இருக்குது கண்ணு" என்றார் அப்பா.

இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. ஜாவாவில் ஒரு மலையடிவார ஸ்டேஷனில் கிடக்கும் ஒரு காகிதத்தை டெக்சாஸிலிருந்து யார் தேடிப் போகப் போகிறார்கள்? நன்றாகப் படித்த இரண்டு ஆண்கள் உட்கார்ந்து, கிரீன் கார்டு என்ற ஒரு வார்த்தைக்கு இப்படிப் பயந்து, ஒரு விவசாயியை உள்ளேயே விட்டார்கள். அந்தக் கிரீன் கார்டு வரவும் இல்லை. 2001-ல் வேலை போய், எல்லோரும் பெட்டி கட்டித் திருப்பூர் திரும்பினோம். அது இருக்கட்டும். பயம் மட்டும்தான் காரணம் என்றும் நான் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்பா அதே கதையைச் சொன்னார். அரிவாள் இருந்தது. நூறு பேர் இருந்தார்கள். அந்தக் கதை இல்லாவிட்டால் அந்த சோபாவில் அவரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆகஸ்ட் வந்தது. ஸ்கூல் திறக்கும்போது கட்டுக் கட்டாகப் படிவங்கள் கொடுப்பார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவசரத் தொடர்புக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, பஸ்ஸுக்கு, லைப்ரரிக்கு, போட்டோவுக்கு. அப்பா எதையும் படிக்கமாட்டார். நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். மொத்தம் பதினொன்று இருந்தன. பன்னிரண்டாவதை நான் தயார் செய்தேன். லைப்ரரி கம்ப்யூட்டரில் இந்தோனேசிய மொழியில், அதற்கும் ஆங்கில எழுத்துதான், அடித்து, கீழே கோடு போட்டு, பள்ளிப் படிவம் மாதிரியே. இந்தச் சாமான்களின் உரிமையாளர் நான். ஊரார் பாதுகாப்புக்காக எடுத்து வைத்தார்கள். திருட்டு நடக்கவில்லை. புகாரைத் திரும்பப் பெறுகிறேன். இவ்வளவுதான். ஆனால் இபுவின் வீட்டுக்காரர் பெயரை எழுதாமல் முடியாது. எழுதினேன்.

சமையல்கட்டு மேடையில் நின்றபடி, ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு, அப்பா ஆபீஸ் பேச்சுப் பேசியவாறே கையெழுத்துப் போட்டார். சர், சர் என்று பதினொன்று. பன்னிரண்டாவதில் பேனா நின்றது. போனை வைத்தார்.

"இது என்ன?"

"ஸ்பானிஷ்லயும் ஒண்ணு கொடுப்பாங்கப்பா."

"ஸ்பானிஷுக்கும் போடோணுமா?"

"ஆமாம்ப்பா."

காகிதத்தை வெகு நேரம் பார்த்தார். பெயரைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். பிறகு குனிந்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் நீட்டினார். தலையில் கை வைத்து, "போ கண்ணு" என்றார்.

நான் தபால் பெட்டிக்கு ஓடினேன். செருப்பில்லாத கால் வெயிலில் பொத்துப்போனது. தெரிந்தேதான் போட்டார், என் அப்பா நல்லவர், மாமா முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த இரண்டு மாதம் அவர்மேல் எனக்கு இருந்த பிரியம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. அவர் ஆபீஸ் விட்டு வந்தால் ஷூவைக் கழற்றி வைப்பேன். காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் வாங்கிக்கொள்வார்.

அக்டோபரில் இரண்டாவது கடிதம். இதை யார் முன்னாலும் படிக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

"மகளே, காகிதம் வந்தது. எல்லோரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனோம். போலீஸ்காரர் பழைய புகாரையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கையெழுத்து வேறு வேறாக இருக்கிறது. கொஞ்சம்கூட ஒத்துப்போகவில்லை. கள்ளக் காகிதம் என்கிறார்கள். வாத்தியார்தான் எழுதியிருப்பார் என்று அவரையும் இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். உன் அப்பாவுக்குக் கையில் ஏதாவது அடியா, மகளே? உடம்பு சரியில்லையா? நாங்கள் இங்கே வேண்டிக்கொள்கிறோம்."

உன் அப்பாவுக்குக் கையில் அடியா என்று கேட்டிருந்தாள். கணவன் உள்ளே இருக்க, உள்ளே வைத்தவனின் கையைப் பற்றிக் கவலைப்பட்டாள்.

பள்ளிப் படிவங்களில் மூன்றுக்கு மஞ்சள் நகல் வீட்டில் இருந்தது. டிராயரைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் வழக்கமான கையெழுத்து, வால் நீண்டு, கீழே இரண்டு புள்ளியோடு. நான் அனுப்பியதில் வால் இருந்ததா? புள்ளி இருந்ததா? கோட்டுக்கு மேல் ஏதோ வளைவு வளைவாக இருந்தது. நான் சந்தோஷத்தில் பார்க்கவே இல்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைச் சொன்னேன். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அன்னைக்கே சொன்னாரு."

"என்னன்னு?"

"புள்ள மனசு நோகக்கூடாதுன்னு போட்டேன், ஆனா நம்ம கையெழுத்தாப் போடலைன்னாரு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்றது சாமி? நீ அத்தனை சந்தோசமா இருந்தே."

நான் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. அம்மா எழுந்தாள். அழுக்குத் துணிக் கூடையை எடுத்தாள். அபார்ட்மென்ட் லாண்டரி அறை கட்டடத்துக்கு அந்தப் பக்கம். தனியாகப் போக அவளுக்குப் பயம். எப்போதும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவாள். அன்று கூப்பிடவில்லை. மஞ்சள் நகல்கள் மேஜைமேல் கிடந்தன. அதை டிராயரில் திரும்ப வைக்காமல், அப்பாவின் பேனாவை அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவால் முடிந்தது அவ்வளவுதான். அது எனக்கு அப்போது புரியவில்லை. அவள்மேலும் கோபமாகத்தான் இருந்தேன். இப்போதும் முழுக்கப் போகவில்லை.

பீட்சாக் கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நாலு நாள். அந்த நாலு நாளும் அம்மா லாண்டரிக்குப் போனாள். அவ்வளவு அழுக்குத் துணி எங்களிடம் இல்லை. நான்காம் நாள் வால் சரியாக நீண்டது. புள்ளிகள் சரியாக விழுந்தன. லைப்ரரியில் மறுபடி அதே காகிதத்தை அடித்து, கீழே அப்பாவின் கையெழுத்தை நான் போட்டேன். கூட ஒரு சீட்டு வைத்தேன். "இபு, அப்பாவுக்குக் கையில் அடிபட்டிருந்தது. இப்போது சரியாகிவிட்டது." தபால் தலைகளை அம்மாதான் வாங்கி வந்தாள். எதற்கு என்று நான் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

மூன்றாவது கடிதம் பொங்கல் கழிந்து வந்தது. இந்தத் தடவை அப்பாவே தபால் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். தபால் தலையைப் பார்த்துவிட்டு, "படி" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

"மகளே, கையெழுத்து ஒத்துப்போனது. என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். மெலிந்துவிட்டார், இருமல் இருக்கிறது. இந்தத் தடவை வயலை ஊரார் நட்டு வைத்திருந்தார்கள். உன் அப்பாவுக்கு எங்கள் நாற்பது வீட்டின் நன்றியைச் சொல். அவ்வளவு தூரத்திலிருந்தும் எங்களை மறக்காத பெரிய மனது. சாமான்களை எடுத்துக்கொள்ள எப்போது வருவீர்கள்?"

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் கையெழுத்து, யார் போட்டது, எப்போது அனுப்பியது, ஒன்றும் இல்லை. "ம்" என்றார். கடிதத்தை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் பெயருக்கு வந்த கடிதம்.

அந்தச் சனிக்கிழமை மாமா வீட்டில் அவர் கதையைச் சொன்னார். கேட் உடைந்தது, அரிவாள் வந்தது. முடிவில் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, "ஆனா மனசு கேக்கலைங்க. அவனும் புள்ளகுட்டிக்காரன். நானே ஒரு லெட்டர் எழுதிப் போட்டு வெளிய எடுத்துவிட்டேன். இப்ப ஊரே தேங்க்ஸ் சொல்லி எழுதியிருக்குது" என்றார்.

"யூ ஆர் டூ குட், அண்ணா. உங்க வீட்டைக் கொள்ளையடிச்சவனைப் போய்!" என்றார் அந்தச் சென்னை ஆண்டி.

மாமா அப்பாவைப் பார்த்தார். அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். குழாய் வெகு நேரம் ஓடியது. நான் கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எத்தனையோ தடவை அந்தக் கார்ப்பெட்டிலிருந்து மனதுக்குள் எழுந்து நின்றிருக்கிறேன்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறார். போன மாதம் என் மகளை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னார். கொள்ளைக்காரனை மன்னித்து ஜெயிலிலிருந்து எடுத்த கதை. அவள் சமையல்கட்டுக்கு ஓடி வந்தாள்.

"தாத்தா எவ்வளவு நல்லவரும்மா!"

"இல்லை" என்றேன்.

அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, அவர் எதிரில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவில் அரிசி போட்டது யார், பூட்டை ஏன் உடைத்தார்கள், பதினான்கு வீடு, பன்னிரண்டு காகிதம்.

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"நான் கையெழுத்துப் போட்டேனே, புள்ள."

"போட்டீங்க. அது யாரோட கையெழுத்துங்கப்பா?"

அப்பா மறுபடி பேப்பரைப் பிரித்தார். இன்றைக்கு இருபது நாள் ஆகிறது. மூன்று வேளையும் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.